எட்டாம் வள்ளம்

துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தும், நாற்பத்தொரு வயதுவரை முழங்காலுக்கு மேல் கடலில் நனையாதவள் நான். தண்ணீர் என்றால் எனக்குப் பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் உண்டு: நாலு பேருக்கு முன்னால் வாயைத் திறப்பது. இரண்டும் கூட்டுச் சேர்ந்து ஒருநாள் என்னைக் கொல்லப் பார்த்தன.

வாய் திறக்காததற்கு நான் மட்டும் காரணமில்லை. முதலாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள் பாதிக் குற்றவாளி. காலையில் பெயர் கூப்பிடும்போது அவளுடைய பெயருக்கு ஒரு "பிரசன்ற் ரீச்சர்", அடுத்ததாக வரும் என் பெயருக்கும் அவளே ஒரு "பிரசன்ற் ரீச்சர்". ரீச்சர் தலையை நிமிர்த்திப் பார்த்ததே இல்லை. அன்று பிடித்த வழக்கம் முப்பத்தைந்து வருடமாக விடவில்லை. கடையில், பஸ்ஸில், என் கலியாணப் பேச்சில்கூட எனக்காக அவள்தான் கதைத்தாள். அவள் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். ஒரு வார்ட்டையே குரலால் நடத்துகிறவள். நான் காணிப் பதிவுக் கந்தோரில் பழைய காணி உறுதிப் பத்திரங்களைப் பார்த்துப் பிரதி எழுதுகிறவள். மாதா கோயில் பாடகர் குழுவில் பன்னிரண்டு வருடம் அவளுக்குப் பக்கத்தில் நின்று உதட்டை மட்டும் அசைத்திருக்கிறேன். சுவாமியார் ஒருமுறை என் குரலைப் புகழ்ந்தார்.

வள்ளக் கழகத்துக்கு என்னை இழுத்துப் போனவளும் அவள்தான். "தோள் நோகுது தோள் நோகுது எண்டு சொல்லுறாய், துடுப்புப் போட்டா எல்லாம் பறந்திடும். ஏலாது எண்டு சொல்லாத. நான் இருக்கிறன்தானே" என்றாள். வீட்டில் என் கணவர், "உமக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? நீந்தவும் வடிவாத் தெரியாது" என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை போயிருக்க மாட்டேன். எனக்கும் கொஞ்சம் வீம்பு உண்டு. அது வெளியில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எங்களிடம் மொத்தம் பத்து வள்ளங்கள். கயாக் என்று எங்களைப் பழக்குகிற சேர் மட்டும் சொல்வார். மற்ற எல்லாருக்கும் அது வள்ளம்தான். யாரோ பாவித்துக் கழித்துவிட்ட பிளாஸ்டிக் வள்ளங்கள், வெயிலில் நிறம் செத்து, அடியில் சூடு காட்டி ஒட்டிய தழும்புகளோடு இருந்தன. சேர் கிண்ணியாக்காரர். பாடசாலையில் விளையாட்டு மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை பின்னேரங்களில் உள்துறைமுகத்தில் அவருக்குப் பின்னால் வாத்துக் கூட்டம் மாதிரிப் போவோம். கரையோரம் பிளாஸ்டிக் போத்தல் பொறுக்குவோம். பெரிய கப்பல்கள் நிற்கும் பக்கம் போகாமல் திரும்பி வருவோம். வங்கியில் வேலை செய்யும் ஒரு பெரிய உடம்புக்காரர் எப்போதும் கடைசி வள்ளம்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை கவிழ்ந்து பழகும் நாள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்காது. வள்ளத்துக்குள் தண்ணீர் புகாதபடி இடுப்பைச் சுற்றி ஒரு ரப்பர் மூடி போட்டிருப்போம். தலைகீழாகக் கவிழ்ந்ததும், முன்னால் தொங்கும் வாரைக் கை தடவித் தேடி இழுத்தால்தான் அது கழலும். அதுவரை கால்கள் வள்ளத்துக்குள், தலை கடலுக்குள். "தலைகீழா இருக்கக்குள்ள மூணு வரைக்கும் எண்ணுங்க தங்கச்சி, பிறகு வாரை இழுங்க" என்பார் சேர். நான் ஒன்று சொல்ல முதலே இழுத்துவிடுவேன். மூக்கால் கடல் வடிய எழும்பி நிற்கும்போது, என் சிநேகிதி, "மூண்டு வரைக்கும் எண்ணிப்போட்டாள் சேர், நான் பாத்தனான்" என்று எனக்காகப் பொய் சொல்வாள்.

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு திருப்பம் தாண்டியதும் சேர் துடுப்பை உயர்த்துவார். எல்லாரும் நிற்போம். அவர் "ஒண்டு" என்று தொடங்க, ஒவ்வொரு வள்ளமும் தன் எண்ணைக் கத்த வேண்டும். பத்து வந்ததும் எல்லாரும் துடுப்பால் வள்ளத்தின் வயிற்றில் மூன்று தரம் தட்டுவோம். எல்லாரும் சுகம், போகலாம் என்று அர்த்தம். என் சிநேகிதி ஏழு. நான் எட்டு. முதல் நாள் என் முறை வந்தபோது என் தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. உடனே அவள், "எட்டு!" என்று கத்திவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது பழகிவிட்டது. ஒரே மூச்சில் "ஏழு, எட்டு" என்பாள். சேர் ஒன்றிரண்டு தரம் முறைத்துப் பார்த்தார். பிறகு அவரும் விட்டுவிட்டார். நான் அவளுக்கு எதிரே இருக்கிறேன்தானே, கண்ணுக்குத் தெரிகிறேன்தானே, யார் சொன்னால் என்ன.

சேருக்கு ஒரு ஆசை: எங்கள் எல்லாரையும் மலைநாட்டுக் கித்துல்கலைக்குக் கொண்டுபோய், பாறைகளில் விழுந்து வரும் அந்த வெள்ளைத் தண்ணீரில் விடவேண்டும். ஒருமுறை நாலைந்து பேர் போனபோது நானும் கூடப் போய்க் கரையில் துவாய்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த இரைச்சலைக் கேட்டதற்கே இரண்டடி பின்னால் போய்விட்டேன். எல்லாரையும் கூட்டிப்போகும் பேச்சு வந்தபோது, "நேரா அங்க போகாம, முதல்ல இங்கயே கொஞ்சம் பாத்துப் பழகுவம்" என்றார் சேர். கிண்ணியாவுக்கு அப்பால், எங்கள் பக்கத்துப் பெரிய ஆறான கங்கையின் கிளை ஒன்றில், பழைய கல்லணை ஒன்று உடைந்து கிடக்கிறது. மாரி முடியும் காலத்தில் அந்தக் கற்களுக்கு மேலால் தண்ணீர் வெள்ளையாக விழுந்து, நூறு மீற்றர் தூரம் குதித்து, ஒரு வளைவில் திரும்பி, பிறகு சாதுவாகிவிடும். ஒரு தை மாதச் சனிக்கிழமை காலை, வள்ளங்களைச் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம்.

போவதற்கு முதல் ஒரு விஷயம். மிதவை அங்கியில் ஒரு விசில் கயிற்றில் தொங்கும். பயந்தால் ஊத வேண்டும். அந்த வாரம் மகளின் பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி. "அம்மா, விசிலைத் தாங்கோவன்" என்று கழற்றிக்கொண்டு போனவள், திருப்பித் தரவில்லை. லொறியில் ஏறும்போது அது நினைவு வந்தது. சொல்லியிருந்தால் சேர் தன்னுடையதைத் தந்திருப்பார். சொல்ல வேண்டுமென்றால் பத்துப் பேருக்கு முன்னால் வாயைத் திறக்க வேண்டும். பேசாமல் இருந்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

ஆற்றங்கரையில் எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டு நின்ற ஒருவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "முதலை கிடக்கு. வெள்ளம் வந்தா ஓரத்து மரங்களுக்குக் கீழதான் ஒதுங்கிக் கிடக்கும். நடுவால போங்க" என்றார். சேர், "நடுவாலதான் போவம்" என்றார். என் சிநேகிதி என் காதருகில், "உன்னில சதையில்ல, முதலை என்னைத்தான் பிடிக்கும்" என்றாள். நான் சிரித்தேன். திரும்பி லொறியில் போய் இருந்துவிடு என்று உள்ளுக்குள் ஒன்று கெஞ்சியது. அதற்கும் வாயைத் திறக்க வேண்டும்.

ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். கடலில் அலை வரும், போகும். இங்கே தண்ணீர் ஒரே பக்கமாகத் தள்ளியது, நிற்கவே இல்லை. முன்னால் ஏழாம் வள்ளத்தில் என் சிநேகிதியின் சிவப்புத் தொப்பி கற்களுக்கு நடுவில் தாழ்ந்து, எழும்பி, வளைவில் மறைந்தது. அடுத்தது நான். முதல் கல்லைத் தாண்டினேன். இரண்டாவதையும் தாண்டினேன். அட, முடிகிறதே என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்பில் துடுப்பு ஒரு பிடி பிந்தியது. தண்ணீர் வள்ளத்தின் பின்புறத்தைப் பிடித்துத் திருப்பி, பக்கவாட்டில் கரையோரமாகக் கொண்டுபோனது. அங்கே ஒரு பெரிய மருத மரம் வேரோடு சாய்ந்து ஆற்றுக்குள் விழுந்து கிடந்தது. அதன் கிளைகளுக்குள் போய் மோதிக் கவிழ்ந்தேன்.

தலைகீழாக இருட்டு. இரைச்சல் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வாரைத் தேடினேன். கையில் இலைகள்தான் வந்தன. அன்றைக்கு நான் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் தாண்டி எண்ணினேன். வார் கிடைக்கவில்லை, அதனால்தான். கிடைத்தபோது இழுத்தேன். வெளியே வந்ததும் தண்ணீர் என்னைக் கிளைக்குக் கீழே உறிஞ்சியது. ஒரு கொப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். நாடி வரை முகம் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது. என் வள்ளம் மரத்தடியில் கவிழ்ந்தபடி சிக்கிக் கிடந்தது. அது மிதந்து போயிருந்தாலாவது ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். என்னைச் சுற்றி இலைகள் ஒரு திரை.

அந்தத் திரைக்குள்ளால் ஒன்பதாம் வள்ளம் போவதைப் பார்த்தேன். பத்தாம் வள்ளம் போவதைப் பார்த்தேன். வங்கிக்காரர் வாயை இறுகப் பூட்டிக்கொண்டு தன் முன்னால் இருந்த கற்களைத் தவிர வேறெதையும் பார்க்காமல் போனார். என்னிலிருந்து பத்துப் பதினைந்து அடி இருக்கும். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. உண்மையைச் சொன்னால், கத்த முயற்சிகூடச் செய்யவில்லை. வளைவுக்கு அப்பால் எண்ணுவார்கள், எட்டு இல்லை என்று தெரியும், திரும்பி வருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இந்த இடத்திலும், இந்த நிலையிலும், வேறு யாராவது எனக்காகச் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு கிடந்தேன்.

சொன்னார்கள்.

வளைவு கிட்டத்தான்; அதற்கு அப்பால் தண்ணீர் சாதுவாக இருந்ததால் குரல்கள் தெளிவாக வந்தன. சேரின் "ஒண்டு" கேட்டது. இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொன்றாக வரவர எனக்குள் ஒரு நிம்மதி ஏறியது. இதோ, இன்னும் கொஞ்சம். ஐந்து. ஆறு. பிறகு அவளுடைய குரல், வழக்கமான அதே மூச்சில்: "ஏழு, எட்டு!"

ஒன்பது. பத்து.

பிறகு துடுப்புகள் வள்ளங்களில் மூன்று தரம் தட்டுப்பட்டன. எல்லாரும் சுகம், போகலாம்.

அந்தத் தட்டும் சத்தத்தைக் கேட்டபோது வந்த பயத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீருக்குள் தலைகீழாக இருந்தபோது வந்த பயம் வேறு. அதில் கைகால் அடித்துக்கொள்ளவாவது வேலை இருந்தது. இது குளிர்ந்து வந்தது. நான் அவர்களுடைய கணக்கில் இருக்கிறேன். நான் சுகமாக இருக்கிறேன். என்னைத் தேட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. மகளுடைய முகம் வந்தது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு மைதானத்தில் நிற்கிறாள். அந்த நேரம் பார்த்துத் தண்ணீருக்குள் என் கெண்டைக்காலில் ஏதோ ஒன்று மெதுவாகத் தொட்டது. எருமைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது: ஓரத்து மரங்களுக்குக் கீழதான். காலை இழுத்தேன். மறுபடியும் தொட்டது.

"எட்டு!"

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. "காப்பாற்றுங்கோ" என்றோ, "ஐயோ" என்றோ, அவளுடைய பெயரையோ கத்தியிருக்கலாம். அதெல்லாம் வரவில்லை. என் முறை போய்விட்டது, அதை யாரோ எடுத்துவிட்டார்கள், அதைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் தலைக்குள் இருந்தது. "எட்டு! எட்டு!" தண்ணீர் வாய்க்குள் வந்தது. துப்பிவிட்டுத் திரும்பக் கத்தினேன். "எட்டு!"

வளைவுக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. போய்விட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு சேரின் குரல் கேட்டது. மாணவர்கள் நிறைந்த மைதானத்தை நிறுத்துகிற குரல்.

"எட்டு ஆரு? அங்க ஆரு?"

அடுத்து ஒரு பெண்ணின் அலறல். முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் அவள் அப்படி அலறி நான் கேட்டதில்லை. "ஐயோ மாதாவே, நான் சொல்லிப்போட்டன்! சேர், அவள் இல்ல! நான்தான் சொன்னனான்! அவள் இல்ல!"

பாய்ந்து வரும் தண்ணீருக்கு எதிராக வள்ளத்தில் ஏறி வர ஏலாது. கரையில் ஏறி, முட்பற்றைக்குள்ளால் நடந்துதான் வர வேண்டும். "தங்கச்சி, வாறம்! எண்ணிக்கொண்டே இருங்க! நிப்பாட்டாதீங்க! சத்தத்தை வைச்சுத்தான் வரணும்!" என்று சேர் கத்தினார். நான் எண்ணவில்லை, ஒரே எண்ணைத்தான் கத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கேட்டபோது கால் மணித்தியாலம் இருக்கும் என்றார்கள். கைகளில் உணர்ச்சி போய்விட்டது. கொப்பைப் பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தொண்டை கிழிந்து, குரல் தேய்ந்து, கடைசியில் அது முதல் நாள் வந்த காற்று மாதிரியே ஆகிவிட்டது. ஆனால் நிறுத்தவில்லை. நிறுத்தினால் காலில் தொடுகிற அது என்னை எடுத்துக்கொள்ளும் என்று நம்பினேன்.

முதலில் வந்து சேர்ந்தவள் அவள்தான். வெறுங்கால், கால் முழுக்க முள் கீறி இரத்தம். கரையில் முழங்காலில் விழுந்து, இலைகளைப் பிய்த்து எறிந்து என்னைப் பார்த்தாள். ஒரு வார்ட்டையே நடத்துகிறவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. சேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நீரோட்டத்தின் மேற்பக்கமாக இறங்கி வந்து, என் அங்கியின் தோளைப் பிடித்து, "கையை விடுங்க தங்கச்சி, நான் பிடிச்சிட்டன்" என்றார். விட முடியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக அவர்தான் கழற்றினார். வங்கிக்காரரும் மற்றவர்களும் கயிற்றை இழுத்தார்கள். சேற்றில் கிடந்து என் காலைப் பார்த்தேன். இடுப்பிலிருந்து நழுவி இறங்கிய ரப்பர் மூடி கணுக்காலில் சுற்றி, அதன் வார் தண்ணீரில் அசைந்து அசைந்து என்னைத் தொட்டிருக்கிறது.

சேர் என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. "நான் முதல் நாளே நிப்பாட்டியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். என் சிநேகிதி என் கன்னத்தில் ஒரு அறை வைத்தாள், பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு, "திரும்பிப் பாக்கேல்லையடி, வாயில தானா வந்திட்டுதடி, தானா வந்திட்டுது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. குரல் இல்லை என்பது ஒரு காரணம். கோபம் மற்றக் காரணம். அவளில் எனக்குப் பொல்லாத கோபம் இருந்தது. என்னை உயிரோடு புதைத்துவிட்டுத் துடுப்புத் தட்டியவள் என்றுகூட நினைத்தேன். இரண்டு வாரம் அவளுடைய தொலைபேசிக்குப் பதில் சொல்லவில்லை.

வீட்டில் முழுவதையும் சொல்லவில்லை. கணவர், "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்லாமல் இருந்தது பெரிய விஷயம். மகள் அடுத்த நாள் விசிலைக் கொண்டுவந்து அங்கியில் தானே கட்டிவிட்டாள். எவ்வளவு இறுக்கி என்றால், இன்றுவரை அந்த முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை நான் துறைமுகத்துக்குப் போனேன். பயம் போனதால் இல்லை. பயம் முன்பைவிடக் கூட. கந்தோரில் உறுதி எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தத் தட்டும் சத்தம் கேட்கும், பேனா நின்றுவிடும். வீட்டில் இருந்தாலும் கேட்கிறது, தண்ணீரில் இருந்தாலும் கேட்கிறது, பிறகேன் வீட்டில் இருக்க வேண்டும். என் சிநேகிதியும் வந்திருந்தாள். ஆனால் வள்ளத்தில் ஏறவில்லை. ஏழாம் வள்ளம் மணலில் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் பால் விடாத பிளேன்ரீப் போத்தலோடு உட்கார்ந்திருந்தாள். "எனக்கு ஏலாது. தண்ணியைக் கண்டா நெஞ்சு பதறுது. நீ போ" என்றாள். என் பயம் அப்படியே அவளிடம் போயிருந்தது. எனக்கும் குறையவில்லை.

முதல் திருப்பத்தில் சேர் துடுப்பை உயர்த்தினார். ஒருவருக்காக இன்னொருவர் சொல்லக்கூடாது என்பது இப்போது சட்டம். வராதவருடைய எண்ணையும் கூப்பிட்டு, பதில் இல்லை என்று எல்லாரும் காதால் கேட்ட பிறகுதான் அடுத்த எண். ஆறு வரை வந்தது. சேர் "ஏழு" என்று கூப்பிட்டார். பிறகு இடைவெளி. துடுப்புகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்த அமைதிக்குள் என் வாய் தானாகத் திறந்தது. "ஏழு" என்று நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அவள் தனியே மணலில் இருக்கிறாளே, அவளுக்காக நான் ஒருதரம் சொன்னால் என்ன என்று ஒரு வேகம். பல்லைக் கடித்துக்கொண்டேன். அவளுக்கு அன்று எப்படி வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

"எட்டு" என்று கத்தினேன்.

இப்போதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் வருகிறாள், வள்ளத்தில் ஏறுவதில்லை. நாங்கள் திரும்பும் நேரம் இருட்டாகிவிடும் என்று நான் ஒருநாள், "நீ ஏன் காத்துக்கொண்டு இருக்கிறாய், வீட்ட போவன்" என்றேன். அவள் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கடைசித் திருப்பத்தில எண்ணேக்க உன்ர சத்தம் இஞ்ச வரைக்கும் கேக்கும். அதைக் கேட்டாத்தான் எனக்கு எழும்பி நடக்க ஏலுது."

அதனால் கடைசித் திருப்பத்தில் மட்டும் நான் கரைப் பக்கம் திரும்பி நின்று கத்துகிறேன்.